படம் கொஞ்சம் கோணலா இருக்கே!

புரொஜெக்டர் கெட்டுப்போனால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் சிலர் உண்டு. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டால் வருவார்கள், வேலையை முடிப்பார்கள், போய்விடுவார்கள். நான் சொல்ல வந்த இனம் வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புரொஜெக்டரைக் கண்டால் கை சும்மா இராத இனம். யாரும் கூப்பிடாமலே வரும்; வேலையைத் தொடங்கும்; போகவே போகாது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலுவலகக் கூட்டமோ, குடியிருப்போர் சங்கமோ, யாருடைய கல்யாண நாள் விருந்தோ, சுவரில் ஒரு சதுரம் வெளிச்சம் விழுந்தால் போதும், நாலாவது வரிசையில் ஒரு தலை நிமிரும். முதலில் கண்ணைச் சுருக்கும். பிறகு இடப்பக்கம் சாயும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், அறை முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில், "படம் கொஞ்சம் கோணலா இருக்கே" என்று சொல்லும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நேராகவோ கோணலாகவோ யாரும் பார்க்கப் போவதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவர்களுக்கு ஆடவும் வேண்டாம், கூடம் நேரானால் போதும்.

எங்கள் குடும்பத்தில் இந்த இனத்தின் உயர்தர மாதிரி ஒன்று இருக்கிறது. என் மனைவியின் அண்ணன். பிள்ளைகள் வைத்த பெயர் ஃபோகஸ் மாமா. மனைவியின் அண்ணன் என்பது எப்படிப்பட்ட உறவு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும். நான் சொன்னதை அவர் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது.

மாமாவிடம் ஒரு கறுப்புப் பை உண்டு. அதற்குள் தடித்த ஒயர், மெல்லிய ஒயர், இரண்டு பக்கமும் ஆண்முனை உள்ள ஒயர், எதிலும் பொருந்தாத ஒயர், லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி, சிவப்புப் புள்ளி அடிக்கும் பேனா, பேட்டரி தீர்ந்த ரிமோட்டுகள். இந்தப் பை இல்லாமல் அவர் துக்க வீட்டுக்குக்கூடப் போவதில்லை. "அங்க எதுக்கு மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன். "போட்டோ போட்டுக் காட்டுவாங்க மாப்ள, இப்பல்லாம்" என்றார். அவர் சொன்னபடி காட்டினார்கள். இறந்தவர் தலைகீழாகத் தெரிந்தார். மாமா போய்த் தொட்ட பிறகுதான் தலைகீழானார் என்பதை அந்த வீட்டார் பெருந்தன்மையாக மறந்துவிட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மாமாவை மிஞ்ச ஆள் இல்லை. "லென்ஸுக்குள்ள கண்ண வச்சுப் பாக்காதீங்க, பார்வை போயிடும்" என்று எல்லாரையும் அதட்டிவிட்டு, விளக்கு எரிகிறதா என்று அதே லென்ஸுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். "ஒயர் கால்ல தட்டும், ஜாக்கிரதை" என்று அறிவித்துக்கொண்டே ஒயரை வாசலுக்குக் குறுக்கே இழுப்பார். உயரத்தில் கை எட்ட வேண்டுமானால் சக்கரம் வைத்த நாற்காலியில் ஏறி நின்று, "யாராவது பிடிச்சுக்குங்கப்பா" என்பார். பிடிக்கும் அந்த யாராவது எப்போதும் நான்தான். ஒரே ஒரு விதியில் மட்டும் அவர் சத்தியசந்தர். அணைத்த பிறகு உள்ளே இருக்கும் காற்றாடி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பெண்ணுக்குப் பிரசவம் என்று போன் வந்தாலும் மாமா மெஷின் பக்கத்திலேயே கைகட்டி நிற்பார். "ஆறணும் மாப்ள. அவசரப்பட்டா பல்பு போயிடும்."

இதெல்லாம் சிரிப்பதற்குச் சரி. ஒரு நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைச் சொல்கிறேன்.

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கேட் நேராக ஒரு நீளமான சாலையில் திறக்கிறது. சாலையின் கடைசியில் கிடங்குகள். பகலெல்லாம் அந்தச் சாலையில் ஈ காக்கா இருக்காது. பள்ளிக்கூடம் விடும் நேரம்தான் கிடங்குகளில் சரக்கு ஏற்றிய லாரிகள் புறப்படும் நேரமும். இந்தப் பக்கம் கேட் திறக்கும், அந்தப் பக்கம் லாரிகள் பறந்து வரும். சமீபத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஒரு லாரி தட்டிவிட்டது. கால் முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள். வேகத்தடை போடுங்கள் என்று சாலைத் துறையிடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று. அவர்கள் வந்து பார்க்கிற நேரமெல்லாம் சாலை காலியாக இருக்கும். "இங்க எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் சாலை நடுவில் நின்று பிள்ளைகளைத் தாண்டவிடுவது அவர் வேலை. அந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சில நாட்கள் மாடியிலிருந்து தன் போனில் படம் பிடித்தார். சாலைத் துறை அதிகாரியைக் கெஞ்சிக் கூப்பிட்டார். அவர், பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் வர முடியும், அதற்குப் பிறகு வேறு இடத்தில் வேலை என்று சொல்லி ஒப்புக்கொண்டார். டீச்சர் எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி, மாடி அறையில் வைத்து, இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்.

பாவம், பெற்றோர் சங்கத்தின் துணைத்தலைவர் யார் என்பதை அவர் யோசிக்கவில்லை. மாமாவின் பையன் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு, காலேஜும் முடித்து, வேலைக்கும் போய்விட்டான். மாமாவின் பதவி மட்டும் போகவில்லை.

பெற்றோர்களில் நானும் சிலரும் போயிருந்தோம். அதிகாரி வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியை தண்ணீர் கொடுத்தார். டீச்சர் பொத்தானை அழுத்தினார். சுவரில் எங்கள் கேட் வந்தது, சாலை வந்தது, சாலையோரத்தில் பைகளைச் சுமந்த பிள்ளைகள் வந்தார்கள்.

"சார், இது போன வாரம் எடுத்தது. பள்ளிக்கூடம் விடற நேரம். அந்த வளைவுலேர்ந்து லாரி எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க..."

"படம் கொஞ்சம் கோணலா இருக்கே."

நாலாவது வரிசையில் மாமாவின் தலை நிமிர்ந்திருந்தது.

"பரவால்ல சார், தெரியுதில்ல" என்றார் டீச்சர்.

"என்னம்மா தெரியுது? மேல அகலமா இருக்கு, கீழ குறுகலா இருக்கு. பெரியவங்க வந்திருக்கிற இடத்துல இப்படியா காட்டறது? ஒரு நிமிஷம்."

"மச்சான், நல்லாத்தான் இருக்கு, விடுங்களேன்" என்றேன்.

"மாப்ள, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பது எப்படி என்று பிறகு விளக்கமாகப் பார்த்தோம். முதலில் மெஷினைத் தூக்கி, அடியில் இரண்டு தடித்த அகராதிகளை வைத்தார். அவை வழுக்கின என்று ஒரு மேஜைவிரிப்பை மடித்து மெஷினைச் சுற்றிலும் திணித்தார். காற்றுப் போகும் துவாரங்கள் எல்லாம் அழகாக அடைபட்டன. பிறகு ரிமோட்டில் எதையோ அழுத்தினார், சாலை மேலேயும் வானம் கீழேயும் போக, லாரிகள் கூரையில் தொங்கிக்கொண்டு ஓடின. "வந்துரும், வந்துரும்" என்று இன்னொன்றை அழுத்தினார், வானம் மேலே வந்தது, பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை வலமிடமாகப் புரண்டது. பிறகு, படம் சரியாக வராததற்குக் காரணம் அறையில் இருக்கும் வெளிச்சம்தான் என்று தீர்ப்புச் சொல்லி, ஜன்னல்களின் கர்ட்டன்களை எல்லாம் இழுத்து மூடினார். அறை இருண்டது. புழுங்கியது. அந்த இருட்டில் சுவர் நீலமாகி, சிக்னல் இல்லை என்று சொன்னது.

"ஒயர்தான் கோளாறு" என்று கறுப்புப் பையைத் திறந்து, தடித்த ஒயரை வாசலுக்குக் குறுக்கே இழுத்து, "கால்ல தட்டும், ஜாக்கிரதை" என்றார்.

"லேப்டாப்லயே காட்டிடறேன் சார், பக்கத்துல கொண்டு வரேன்" என்று டீச்சர் எழுந்தார்.

"தொடாதம்மா! ரீஸ்டார்ட் பண்ணியிருக்கேன். ஏதோ அப்டேட் ஓடுது. நடுவுல நிறுத்தினா எல்லாம் போயிடும்."

"என் போன்ல இருக்கு சார், அதுலயாவது..."

"இவ்வளவு பெரிய சுவர் இருக்கறப்ப உள்ளங்கையில எதுக்கும்மா காட்டணும்? சார் என்ன நினைப்பாரு?"

சார் என்ன நினைத்தார் என்பது இருட்டில் தெரியவில்லை. அவர் கைக்கடிகாரத்தின் முள் மட்டும் பளிச்சிட்டது. அப்போது மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு, சிவப்பு விளக்கை இரண்டு தரம் சிமிட்டிவிட்டு, அணைந்தே போனது. மாமா பதறவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி எங்களை எல்லாம் தடுத்தார்.

"சூடாயிடுச்சு. யாரும் கிட்ட வராதீங்க. ஆறணும்."

அதிகாரி எழுந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "டீச்சர், எனக்கு வேற இடம் போகணும். வர்றப்ப பாத்தேன், ரோடு காலியாத்தான் இருக்கு. எல்லாரும் ஸ்பீட் பிரேக்கர் கேக்கறாங்க. எங்க அவசியமோ அங்கதானே போட முடியும்? தப்பா நினைக்காதீங்க."

எழுந்து போனவர் மறுபடி எப்போது வருவார்? என் மகள் தினமும் அந்தக் கேட்டைத் தாண்டுகிறாள். எனக்கு மாமாவின் கழுத்தை அந்த எதிலும் பொருந்தாத ஒயரால் சுற்ற வேண்டும் என்று நிஜமாகவே தோன்றியது. தங்கை புருஷன் அப்படிச் செய்யலாமா? செய்யக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி வாசலில் குறுக்கே கிடந்த ஒயரில் கால் தட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்து சார், நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மாமா.

மணி அடித்தது. பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

டீச்சர் ஒரு வினாடி அந்தச் செத்த மெஷினைப் பார்த்தார். பிறகு விறுவிறு என்று போய், சாலைப் பக்கத்து ஜன்னலின் கர்ட்டனை ஒரே இழுப்பில் விலக்கினார்.

"சார், நான் படம் எடுத்ததே இந்த ஜன்னல்லேர்ந்துதான். இங்கயே நின்னு பாருங்க. எனக்கு நேரமில்ல, பசங்க ரோட்டுக்கு வந்துடுவாங்க." சொல்லிக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினார்.

எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை? கீழே நிஜமான சாலை கிடக்கிறது; அதை நாங்களே மூடிவைத்துவிட்டு, சுவரில் சாலை வரும் வரும் என்று இருட்டில் வேர்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் ஜன்னலுக்கு வந்தோம். அதிகாரியும் வந்தார். கேட் திறந்தது, பிள்ளைகள் அணை உடைந்ததுபோல் வந்தார்கள். டீச்சர் சாலை நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டத் தொடங்கினார்கள். வரிசையின் நடுவில் என் மகளின் பச்சைப் பையைப் பார்த்தேன். அந்த நேரம் வளைவிலிருந்து லாரி வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, வேகத்தைக் குறைக்காமல் வந்தது. டீச்சர் நகரவில்லை. பிரேக் பிடித்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லாரி நின்றபோது டீச்சர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் அதன் முகப்பைத் தொட்டிருக்கலாம்.

"அய்யோ" என்றார் அதிகாரி. அரசாங்கம் அய்யோ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தப் பச்சைப் பையை மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் நான் ஜன்னல் கம்பியை விட்டேன்.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆனந்தக் கூவல்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு! அந்தக் கர்ட்டன யாராவது இழுத்து விடுங்கப்பா, வெளிச்சத்துல படம் வெளிறிப் போகுது!"

யாரும் திரும்பவில்லை.

"நேரா இருக்கு பாருங்க! ஒரு கோணல் கிடையாது!"

நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, படம் நேராகத்தான் இருந்தது.

அதிகாரி அந்த ஜன்னலிலேயே நின்று யாருக்கோ போன் செய்தார். "நாளைக்குக் காலைல ஆளுங்க முதல்ல இங்க வரணும். மத்த இடமெல்லாம் அப்புறம்." பிறகு கீழே இறங்கிப் போய் டீச்சர் பக்கத்தில் சாலையில் நின்றார். "சார், வீடியோ பாக்கலியே!" என்று மாமா மாடியிலிருந்து கத்தியது அவர் காதில் விழவில்லை. மாமா மெஷினை அணைத்து, காற்றாடி நிற்கும்வரை அந்த வெறும் அறையில் தனியாகக் காவல் இருந்துவிட்டு வந்தார்.

வேகத்தடை வந்துவிட்டது. இப்போது லாரிகள் எங்கள் கேட்டுக்கு முன்னால் முனகிக்கொண்டு ஊர்கின்றன. மாமா இதை எல்லாக் குடும்ப விசேஷத்திலும் சொல்கிறார். "அன்னிக்கு நான் மட்டும் நிதானமா வேலை பாக்கலேன்னா, மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த ஆபீசர் கிளம்பியிருப்பாரு. என்ன மாப்ள?" அவர் சொல்வதில் பிசகு இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை என்று நினைத்துப் புன்னகை செய்கிறீர்கள். இருக்கலாம். உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம். அந்த டீச்சர் லாரிக்கு எதிரே கையை விரித்து நின்ற இடத்தைப் படித்தபோது உங்கள் மனசு எங்கே இருந்தது? சாலையில்தானா? அல்லது, "அந்த மேஜைவிரிப்பை உருவிவிட்டு, ஒயரை அடுத்த துவாரத்தில் சொருகியிருந்தால் அப்போதே வந்திருக்குமே" என்று இன்னும் மேஜைப் பக்கமே நின்றுகொண்டிருந்ததா? அங்கேதான் இருந்தது என்றால், உங்களுக்கும் எங்கேயோ ஒரு தங்கை புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பல்லுக்கு நீங்கள்தான் பொறுப்பு.