திருவண்ணாமலைக் கடற்கரை

நான்காவது கட்டத்துக்கு வந்ததும் எழிலரசியின் பேனா நின்றுவிட்டது.

'தங்கள் மாவட்டக் கடற்கரையின் நீளம் எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்டிருந்தது படிவம்.

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலின் வெயிலில் மலை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வேலிக்காத்தான் புதர். புதருக்கு முன்னால் ஓர் எருமை. கடல் எங்கும் தென்படவில்லை.

மீன் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து அவளுக்கு இரண்டு வருஷம் முடியப் போகிறது. ஏரி மீன், குளத்து மீன், அணைக்கட்டு மீன் எல்லாம் அத்துப்படி. கடலை மட்டும் ஒரே தடவை, கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறாள். அவளுடைய பணி நிரந்தர உத்தரவு சென்னையில் இணை இயக்குநரின் மேஜைமேல் கையெழுத்துக்காகக் கிடந்தது. இந்தப் படிவத்தை அனுப்பியவரும் அவரேதான்.

"சார், இது கடலோர மாவட்டத்துக்குப் போவ வேண்டிய பேப்பரு. நமக்குத் தப்பா வந்துடுச்சு."

"என்னா கேக்கறாங்க?" என்றார் ஆதிமூலம். அவர்தான் அந்த இரண்டு அறை அலுவலகத்துக்குத் தலைவர்.

"காலா மீனு சார். இங்கிலீஷ்ல இந்தியன் சால்மன்னு சொல்வாங்களே, அது. மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சப்புறம் கரைக்கு எத்தனை திரும்பி வருதுன்னு எண்ணி அனுப்பணுமாம். திருப்பி அனுப்பிடலாமா?"

ஆதிமூலம் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தையும் முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பவரைப் போலக் கடத்திக்கொண்டிருந்தார்.

"மேலிடத்துக்குத் தப்பு நடந்துடுச்சுன்னு நாம சொல்றதா? நல்லா இருக்கே கதை! கேட்டதுக்குப் பதில் போடும்மா. ஒரு கட்டத்தையும் காலியா மட்டும் விட்டுடாத."

எழிலரசி எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டு அனுப்பினாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'கடற்கரையின் நீளம் பூஜ்யம் என்பது குறித்துக்கொள்ளப்பட்டது. ஆனால் திரும்பி வந்த மீன்களும் பூஜ்யம் என்பது மிகுந்த கவலைக்குரியது. மீன்கள் ஏன் வரவில்லை? மூன்று நாளில் விளக்கம் தரவும்.'

ஆதிமூலத்துக்கு வியர்த்துவிட்டது.

"பார்த்தியா? பூஜ்யம் போட்டா இப்படித்தான். நாலு மீனையாவது எழுதும்மா!"

"கடலே இல்லாம மீன் எங்கேர்ந்து சார் வரும்?"

"கடற்கரைன்னுதானே கேக்கறாங்க? முன்னாடி இருக்கற கடலை விடு. பின்னாடி இருக்கற கரையைப் புடிச்சுக்கோ. நம்ம ஏரிக்குக் கரை இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"நீளம்?"

"ரெண்டு கிலோமீட்டர் வரும்."

"போடு. மீன் ஒரு டஜன் போட்டுக்கோ. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

எழிலரசிக்கு மனசே இல்லை. ஆனாலும் எழுதினாள். நிரந்தர உத்தரவு கண்ணுக்குள்ளேயே நின்றது.

இந்த முறை ஐந்தே நாளில் பதில் வந்தது. 'ஒரே மாதத்தில் தங்கள் கடற்கரை இரண்டு கிலோமீட்டர் வளர்ந்திருப்பது பாராட்டத்தக்கது. மீன் வரவு பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்ந்ததும் மகிழ்ச்சி அளிக்கிறது. தடைக்காலத்தில் எத்தனை விசைப்படகுகள் அத்துமீறிக் கடலுக்குள் சென்றன என்பதைத் தெரிவிக்கவும்.'

எழிலரசிக்கு உயிர் வந்தது. மறுபடியும் உண்மையை எழுத ஒரு வாய்ப்பு. 'ஒரு படகுகூடக் கடலுக்குள் செல்லவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த உண்மைதான் அவளைக் கவிழ்த்தது.

'தடைக்காலத்தை நூற்றுக்கு நூறு கடைப்பிடித்த ஒரே மாவட்டம் தங்களுடையது. திரும்பி வந்த காலா மீன்களையும் கடற்கரையையும் நேரில் பார்வையிட, இணை இயக்குநர் வரும் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறார்.'

கடிதத்தைப் படித்துவிட்டு ஆதிமூலம் அதை நாலாக மடித்து மேஜை டிராயருக்குள் தள்ளினார்.

"உண்மையைச் சொல்லிடலாம் சார்," என்றாள் எழிலரசி.

"என்னோட பென்ஷனு?"

"அப்ப என்னா சார் பண்றது?"

"கரை இருக்கு. ஒரே ஒரு மீனைக் காட்டிட்டா போதும். மிச்சம் பதினொண்ணும் மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம்."

மீன் மார்க்கெட்டில் ராணியம்மாளைப் பிடித்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் கடல்மீன் வரவழைத்து விற்பவள் அவள் ஒருத்திதான்.

"காலா மீனு ஒண்ணு வேணும் ராணியம்மா. திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள."

"கொழம்புக்கா, வறுவலுக்கா?"

"திரும்பி வர்றதுக்கு," என்றார் ஆதிமூலம்.

ராணியம்மாள் எழிலரசியைப் பார்த்தாள். எழிலரசி தரையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பௌர்ணமி. ஊருக்குள் ஒரு பஸ்ஸும் நுழையவில்லை. பாண்டிச்சேரி பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ராணியம்மாள் கிரிவலக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்தபடி ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால்.

பளபளவென்று முழங்கை நீளம் இருந்தது மீன். மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நாலு நூல் தொங்கியது.

"செத்த மீனு எப்பிடி சார் திரும்பி வரும்?" என்றாள் ராணியம்மாள்.

ஆதிமூலம் பையிலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பை எடுத்தார். மீனின் வாயில் ஒரு முனையைக் கட்டி, மீனை எழிலரசியிடம் நீட்டினார்.

"நீ தண்ணியில விடு. நான் புதருக்குப் பின்னாடி உக்காந்து மெதுவா இழுக்கறேன். தூரத்துலேர்ந்து பாத்தா நீந்தி வர்ற மாதிரியே இருக்கும்."

ஒத்திகை பார்த்தார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் வந்தது. ராணியம்மாள்கூடக் கை தட்டினாள். அழகாக வந்த மீனைக் கரையில் படுத்திருந்த ஒரு செவலை நாயும் பார்த்துக்கொண்டிருந்தது.

மீன் கரையைத் தொட்டதுதான் தாமதம், நாய் அதைக் கவ்விக்கொண்டு பறந்தது. நரம்பின் மறுமுனை ஆதிமூலத்தின் விரலில் சுற்றியிருந்தது. எனவே அவரும் பறந்தார்.

"வுடு! ஏய், வுடு! கவர்ன்மெண்ட் மீனு!"

சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

இணை இயக்குநர் இறங்கினார். வெள்ளை வேட்டி. இடுப்பில் துண்டு. நெற்றி நிறைய விபூதி. காலில் செருப்பு இல்லை. தண்ணீருக்குள் இறங்கியே பார்த்துவிடுவது என்று தயாராக வந்திருக்கிறார் என நினைத்தாள் எழிலரசி.

"நீங்கதான் எழிலரசியா? கூட்டம் எப்படி?"

"மீன் கூட்டமா சார்?"

"ம்? ஆமா ஆமா, மீன்தான்."

"பன்னெண்டு சார்."

அவர்களுக்கு முன்னால் நாய் குறுக்கே ஓடியது. பின்னால் ஆதிமூலம் ஓடினார்.

"அது என்ன?"

"கரைக்குத் திரும்பி வந்த மீனு சார்."

"போகுதே?"

"வந்துட்டுத் திரும்பிப் போவுது சார்."

"பின்னால ஓடறது?"

"எங்க ஆபீசர் சார். கண்காணிக்கறாரு."

சொல்லி முடித்ததும் எழிலரசிக்குத் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சுடுங்க சார். இங்க கடலே இல்ல. இது ஏரி. மீனு பாண்டிச்சேரி மீனு. நானும் பயந்துட்டு எழுதிட்டேன். இனிமே ஒரு பொய்கூட எழுத மாட்டேன். என்னை வேலைய வுட்டு எடுத்தாலும் பரவால்லீங்க."

ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு ஜீப்புக்குள் கைவிட்டு ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, பானட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். அவளுடைய பணி நிரந்தர உத்தரவு.

"இவ்வளவு நேர்மையான ஆள் இந்த இடத்துக்குக் கண்டிப்பா வேணும். ஆனா ஒண்ணு. கண்காணிப்பை நடுவுல விட்டுடக் கூடாது. மாசாமாசம் நானே நேர்ல வந்து பார்க்கறேன்."

"சார், கடலு..."

"அதெல்லாம் நிதானமாப் பேசிக்கலாம்."

அவ்வளவுதான். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்து, சாலையில் போய்க்கொண்டிருந்த ஜனத்துக்குள் கலந்து மறைந்துவிட்டார். ஏரிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

எழிலரசி காகிதத்தைப் பிடித்தபடி நின்றாள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று புரியவில்லை. தூரத்தில் நாய் மட்டும் தெரிந்தது. ஆதிமூலத்தைக் காணோம்.

ஜீப் டிரைவர் சாவகாசமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"அண்ணே, சார் கோவமாப் போறாரா? கடலோர லிஸ்ட்டுல எங்க ஊரு பேரை எவன் எழுதினான்னே தெரியலண்ணே."

டிரைவர் தோலை ஊதிவிட்டுச் சிரித்தார்.

"சாரேதான் மேடம் தன் கையால எழுதினாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆபீஸ் ஜீப்புல கிரிவலம் வரணும்னா, இந்த ஊருல ஒரு கடல் இருக்க வேணாமா?"