ஒயரைப் பிடுங்கும் அதிகாரம்

தாராவி
ஞாயிற்றுக்கிழமை

மான்குர்த் மைத்துனர் பேச்சிராஜா அவர்களுக்கு, உமது அக்காள் புருஷன் வானமாமலை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாகத்தான் இருப்பீர். பதினொரு வருஷமாக என்னோடு பேசாமல் இருப்பவருக்கு என்ன குறை? நான் சமாதானத்துக்கு எழுதவில்லை. உம்மால் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது.

என் பழைய முதலாளி, மாட்டுங்கா ஜம்புவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நினைவில்லாமல் நாற்பது நாள். மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய். இனித் தேறமாட்டார் என்று டாக்டரே சொல்லியாயிற்று. மிஷினை நிறுத்தச் சொல்லத்தான் ஆளில்லை. மகன் தங்கையைப் பார்க்கிறான், தங்கை அண்ணனைப் பார்க்கிறாள், இரண்டு பேரும் மிஷினைப் பார்க்கிறார்கள். அவர் நடமாடிய காலத்தில் போனே எடுக்காத அமெரிக்கப் பேரன், இப்போது தினமும் அவர் காதில் போனை வைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசுகிறான். மனுஷனால் எழுந்து ஓடவும் முடியவில்லை.

இப்படிக் கிடக்கும் நிலை வந்தால் என்னைக் குழாயில் தொங்கவிட வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க ஒரு காகிதம் இருக்கிறது. லிவிங் வில் என்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் அதை நாலு தடவை வாசித்தேன். தாதர் நோட்டரி ஒரு தடவைகூட வாசிக்காமல், "ரெண்டு சாட்சி வேணும், சொந்தக்காரங்க வேண்டாம்" என்றார். எங்கள் சந்தில் முப்பத்தாறு வீடு, அத்தனையும் நம்ம ஊர். ஒருவன் மருமகன், ஒருவன் சித்தப்பா மகன், மிச்சமிருப்பவன் இரண்டு வழியிலும் சொந்தம். கடைசியில் பெல்ட் தைக்கிற கலீலுல்லாவிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, கல்யாணம் காச்சின்னா பத்து கையெழுத்து போடுதேன். ஒங்க சாவுக்கு மாட்டேன்" என்று கண்ணைத் துடைக்கிறார்.

அவர் சம்சாரம் மெஹராஜ்தான், "அவுகளே தைரியமா நிக்காக, ஒமக்கென்ன வே அழுகை? நானும் போடுதேன், நீரும் போடும்" என்று அதட்டி வழிக்குக் கொண்டுவந்தாள்.

இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது; அதற்கு மட்டும் சொந்தக்காரர் ஆகுமாம். எனக்குப் பேச்சில்லாதபோது எனக்காகப் பேசப்போவது யார்? மகன் வெங்கடேஷைக் கேட்டேன். "டென்ஷன் ஆவாதீங்கப்பா, ஒங்களுக்கு ஏதாச்சும்னா இருக்கறதுலயே பெரிய மிஷின்ல போட்டுருவேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான், போலீஸ் மிரட்டியது மாதிரி இருந்தது. உமது அக்காள் பேராச்சியைக் கேட்டேன். "நாப்பத்தெட்டு வருஷத்துல நீங்க ஒரு நாளு பேசாம கெடந்ததில்ல. அப்படி ஒரு காலம் வந்தா நான் ஏன் அதைச் சீக்கிரம் முடிக்கப்போறேன்?" என்கிறாள்.

அப்போதுதான் உமது ஞாபகம் வந்தது. மகள் விஜயராணி கல்யாணத்தில் நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். இலை போட்டு ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள்; நிறுத்தச் சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சலில்லை. நீர் எழுந்து வந்தீர், ஒயரைப் பிடுங்கினீர், "போதும் அத்தான், சோறு ஆறுது" என்றீர். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் எந்த வேலைக்கும் தகுதி என்று ஒன்று இருக்கிறதே! என் பிள்ளைகள் அழுவார்கள், உமது அக்காள் ரசிப்பாள், நீர் ஒருவர்தான் பிடுங்குவீர்.

ஆகவே உமது பெயரையே எழுதியிருக்கிறேன், முழு அதிகாரத்தோடு. வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு, ஆதார் கார்டோடு தாதர் ஸ்டேஷன் வாசலில் நில்லும். என்னோடு பேச வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும். மதியம் வீட்டில் சாளை மீன் குழம்பு. அதைச் சாப்பிடவும் பேச வேண்டியதில்லை.

உமது பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மிச்சமிருந்தால் உமக்கும்.

இப்படிக்கு,
வானமாமலை

பி.கு.: முழு அதிகாரம் என்று எழுதிவிட்டேன் என்பதற்காக, அந்த நேரத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எதுவும் செய்துவிடக் கூடாது. நான் பதில் சொல்லவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவசரப்படாமல் காத்திரும்.