ஒரு லட்சம் பேரும் நான்தான்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், படித்ததும் கிழித்துவிடுங்கள். நீங்களும் உங்கள் நிருபர் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செருப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டித் தருவது எங்கள் தொழில். அப்பா, சித்தப்பா, அத்தை மூவரின் வீடுகளும் வரிசையாக இருக்கும்; கொல்லைப்புறம் ஒன்றுதான். வேலை செய்யும் சிறுமிகளை நிருபர் அக்கா கணக்கெடுக்க வந்த அன்று நான் பசை தடவிக்கொண்டிருந்தேன். பெயர் கேட்டு எழுதிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனதும் அப்பா, “சித்தப்பா வீட்ல போய் ஒளிஞ்சுக்கோ” என்றார். கொல்லை வழியாக ஓடினால், முன்வாசல் வழியாக அவர் அங்கேயும் வந்தார். சித்தப்பா தன் துண்டை என் தலையில் கட்டினார். பயத்தில் வேறு பெயர் சொன்னேன். அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை தன் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டார். இன்னொரு பெயர் சொன்னேன். என் கையிலிருந்த பசைத் தூரிகையை வாங்கிவைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று வீடுகளில் மூன்று சிறுமிகள், ஆகவே வீட்டுக்கு ஒருவர் என்று நகரத்து வீடுகளோடு பெருக்கி, ஒரு லட்சம் பேர் என முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்த ஒரு லட்சம் பேரும் நான்தான் ஐயா. அதற்குக் கோடி நன்றி. ஒருத்திக்காக யார் வந்திருப்பார்கள்? லட்சம் என்றதும் அதிகாரிகள் வந்தார்கள், அப்பா நடுங்கிப்போய் என்னைப் பள்ளியில் சேர்த்தார். டீச்சர்தான் மூன்று பேருக்கு இடம் வைத்துக்கொண்டு, “மத்த ரெண்டு பேரும் எங்கம்மா?” என்கிறார்.

“காய்ச்சல், டீச்சர்.”

“இன்னுமா?”

“பெரிய காய்ச்சல், டீச்சர்.”

இன்று சித்தப்பா வந்து, “ஒரே கழுதைய மூணு தடவ எண்ணி நம்ம மானத்த வாங்கிட்டாங்கண்ணே. மறுப்பு போடச் சொல்லி எழுதப் போறேன்” என்றார்.

“மொத்தமே ஒண்ணுதானா? அப்ப இவ்வளவு பயந்திருக்க வேணாமே” என்று அப்பா பசைச் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஐயா, அந்த மறுப்பைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பத்திரிகையும் உங்கள் பெருக்கல் கணக்கும் நீடூழி வாழட்டும்.

நன்றியுள்ள,
அந்த மூவர்

பி.கு.: ஒரு லட்சம் பேரும் நான்தான் என்றது முழுக்கச் சரியில்லை. அன்று அத்தை மகள், அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒளிக்கவுமில்லை, எண்ணவுமில்லை. இப்போது என் வேலையையும் அவளே செய்கிறாள். வகுப்பில் என் பக்கத்து இடம் காலி. நாளை அவளைக் கூட்டிப்போய், காய்ச்சல் விட்டுவிட்டது என்று டீச்சரிடம் சொல்லப்போகிறேன். அத்தை கேட்டால், பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே என்பேன். அதுவரை அந்த மூன்றைக் குறைத்துவிடா

கதவைத் தட்டுகிறார்கள்