மாடியில் முளைத்த கோரைப்பல்லும் எங்கள் அண்ணனும்

திருச்செங்கோடு,
வெள்ளிக்கிழமை

சங்ககிரியில் போர் போடும் ரிக் வண்டித் தொழில் நடத்திவரும் அன்புள்ள அண்ணன் தனசேகர் அவர்களுக்கு, தங்கை மலர்விழி வணங்கி எழுதுவது. அர்த்தநாரீஸ்வரர் தயவில் இங்கு எல்லோரும் சுகம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் வண்டிகளும் சுகமாக இருக்க அந்தச் சாமியையே வேண்டுகிறேன்.

நேற்று சேலத்தில் நம் கிருத்திகாவின் பல்லிலிருந்து கம்பியைக் கழற்றியபோது கூட இருந்தவர்கள்: டாக்டர் அறிவுச்செல்வி அம்மா, கண்ணாடி பிடித்த நர்ஸ், நான், என் வீட்டுக்காரர், வாயைத் திறந்தபடி கிருத்திகா. தாய்மாமனான நீங்கள் இல்லை. போனில் பல் என்று ஆரம்பித்தாலே "சிக்னல் இல்லம்மிணி" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம்.

உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்ண்ணா. கைக்கொழந்தையில அவளுக்கு மேல்பல் மொதல்ல மொளைச்சப்ப, தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சொல்லி, தோசம் கழிய உங்களை எண்ணெய்க் கிண்ணத்துல அவ மொகத்தைப் பார்க்க வெச்சாங்க. அன்னைக்குப் புடிச்ச பயம் உங்களுக்கு. அப்பறம் பதிமூணு வயசுல அவ கோரைப்பல், வரிசையில எடமில்லாம, ஈறுக்கு மேல மாடி கட்டிக் குடிவந்துச்சு. பொங்கலுக்குக் கரும்போட வந்த நீங்க, அவ சிரிச்சதைப் பார்த்ததும் கரும்பை வாசல்லயே சாத்திட்டு, "வண்டி வெயில்ல நிக்குது"ன்னு போனவங்கதான். ரெண்டு வருசமா எங்கூட்டுப் படி மிதிக்கலை. எடப்பாடியில போட்ட போர்ல தண்ணி வராததுக்கும், டயர் வெடிச்சதுக்கும், அண்ணிக்கு முட்டி வலிக்கறதுக்கும் எம்பட புள்ளை பல்லுதான் காரணம்னு ஊரெல்லாம் சொன்னீங்க. ஏனுங்ண்ணா, அதே ரெண்டு வருசத்துலதான ரெண்டாவது வண்டி வாங்கினீங்க, பையனுக்கு காலேஜ்ல சீட் கெடச்சுது, உங்களுக்குச் சக்கரை எறங்குச்சு? செலவுப் பக்கம் மட்டும் எழுதினா அது கணக்காகாதுங்க. வரவையும் பல்லு பேர்லயே எழுதோணும்.

பெரியவங்க பேசறது புள்ளை காதுல உழாம இருக்குமா? சிரிப்பு வந்தா கையை வாய்க்குக் கொண்டுபோயிருவா. டாக்டரம்மாகிட்டப் போனோம். "பக்கத்துல ஒரு பல்லை எடுத்து எடம் பண்ணிட்டா, கம்பி போட்டுக் கொஞ்சங்கொஞ்சமா எறக்கிக் கொண்டாந்தரலாம், ரெண்டு வருசமாகும்"ன்னாங்க. எங்கூட்டுக்காரர், "தெத்துப்பல்லு அதிர்ஷ்டமுங்களே"ன்னு இழுத்தார். "எங்க மாமனுக்குத்தான் ஆகாதாமே, எறக்கிருங்க டாக்டர்"ன்னு இவளாவே போய் நாற்காலியில சாஞ்சுட்டா. கம்பி முடுக்குனப்பல்லாம் ரெண்டு நாளைக்கு ரசஞ்சோறுதான். முறுக்கு, கடலை உருண்டை ஒண்ணும் தொடலை. நான் குலசாமிக்கு வேண்டிக்கிட்டேன், பல்லு எறங்கிட்டா மாமனும் மருமகளும் ஒண்ணா நின்னு பொங்க வெப்பாங்கன்னு. உங்களைக் கேக்காமதான் வேண்டுனேன். கேட்டிருந்தா சிக்னல் போயிருக்கும்.

சொல்ல வந்த சங்கதி இனிமேதான். கம்பியைக் கழட்டினதும் டாக்டரம்மா, "சங்ககிரியில இருக்கற அப்பாவுக்குச் சொல்லிட்டீங்களா?"ன்னாங்க. எங்கூட்டுக்காரர், "நானுங்க அப்பா"ன்னார். "அப்ப மாசாமாசம் போன் போட்டு, பல்லு எவ்வளவு எறங்கியிருக்குது, புள்ளைக்கு வலிச்சுதான்னு கேக்கறது ஆரு?"ன்னாங்க. கம்பி முடுக்கின மறுநாளே உங்க டிரைவர் பச்சமுத்து பரமத்தி வேலூர்ப் பழத்தாரோட வந்து நின்னதெல்லாம் அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. மெல்ல வேண்டாத பண்டமாப் பார்த்து அனுப்பியிருக்கீங்க. அந்த எடத்துலயே எனக்குக் கண்ணு தளும்பிருச்சுங்ண்ணா. எங்கூட்டுக்காரர் மட்டும், "ரெண்டு வருசமா என்னைய அங்க டிரைவர்னு நெனைச்சிருக்காங்க போல"ன்னு வர்ற வழியெல்லாம் முனகிட்டு வந்தார். கண்ணாடியில பல்லைப் பார்த்த கிருத்திகா கையை வாய்க்குக் கொண்டுபோகலை. மொதல்ல கேட்டதே, "மாமா இனி நம்மூட்டுக்கு வருவாருங்களாம்மா?"ங்கறதுதான்.

ஆகவே அண்ணா, பல் வரிசைக்கு வந்துவிட்டது. இனி உங்களுக்கு ஒரு பயமும் இல்லை. வருகிற அமாவாசையன்று குலசாமி கோயிலில் பொங்கல். நம் அம்மாவின் தம்பி, எண்பது வயதிலும் மொபெட் ஓட்டும் வெள்ளியங்கிரி மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார். நீங்கள் செய்ததற்கெல்லாம் சாமி உங்களுக்குக் குறை வைக்காது. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
மலர்விழி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சமாச்சாரம். "இது குடும்பத்துல வர்றது, சொந்தத்துல வேற ஆருக்காச்சும் இருக்குதா?"ன்னு டாக்டரம்மா நேத்துக் கேட்டாங்கன்னு, வண்டி பூஜையில நீங்க சிரிக்கற போட்டோவை அனுப்பியிருந்தேன். இப்பக் கூப்பிட்டுச் சொல்றாங்க, உங்களுக்கு எடதுபக்கம் நிக்கறது இன்னமும் பால்பல்லாட்டத் தெரியுதாம். கோரைப்பல் எறங்காம மேலயே படுத்திருக்குமாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கோணுமாம். இதை நான் இங்க வந்திருந்த வெள்ளியங்கிரி மாமாகிட்டச் சொல்லிப்போட்டேன். உங்களுக்கு அவர்தானுங்களே தாய்மாமன். "அம்பது வருசமா எந்தலைக்கு மேலயா தொங்கிட்டிருந்துச்சு? அவன் கோயிலுக்கு வந்தான்னா நான் வரலை"ன்னு மொபெட்டைத் திருப்பிட்டுப் போயிட்டார். பொங்கலுக்கு அரிசி அளக்கோணும். ரெண்டு பேர்ல ஆரு வாறீங்கன்னு சீக்கிரம் பதில் போடுங்க.