வன்னி மரத்தடி மேஸ்திரி

ஊருக்கு ஒருவராவது இருப்பார், கீழே நின்று வேலை வாங்குகிறவர். தான் மரம் ஏற மாட்டார். ஏறியவனை நிம்மதியாக இறங்கவும் விட மாட்டார். எங்கள் மார்வாட் பக்கம் மழை எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகிற சீமை. மார்கழிக் குளிரில் வன்னி மரங்களின் கிளைகளைக் கழித்து, தழையை உலர்த்திச் சேர்த்தால்தான் கோடை வரைக்கும் ஆடுகளின் வாய் அசையும். அப்போது பார்க்க வேண்டும் இவரை! கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் அதிகாரமுமாக நிற்பார்.

கோஜாராம் இந்த இனம். அவர் மனைவி தாபுவுக்கு அன்று ஒரே கவலை. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். வன்னிக் காயில் செய்கிற சாங்கிரிக் கறி இல்லாவிட்டால் அது என்ன கல்யாணம்? கழித்த மரமோ வருகிற கோடையில் காய்க்காது. அதனால் கிணற்றோரத்து மரத்தை மட்டும் தொடாதீர்கள் என்று தம்பி லிக்மாவிடமும் புருஷனிடமும் சொல்லிவிட்டுக் கம்பு ரொட்டி தட்டப் போனாள்.

லிக்மா கோடரியோடு அந்த மரத்தைத் தாண்டித்தான் நடந்தான். மேஸ்திரிக்குப் பொறுக்குமா?

"ஏன் மாப்ளே, இத யாரு கழிப்பா?"

"அக்கா வேணாம்னுச்சு, மாமா."

"உங்கக்காவா ஏறப் போறா? ஒப்புக்கு ஒரு கிளைய வெட்டிப் போடு. ம்... இப்ப அந்தப் பக்கம் கோணலா தெரியுது. அதையும் தட்டு. அட, இந்தப் பக்கம்! கண்ணு எங்கய்யா இருக்கு?"

இரண்டு பக்கமும் சமமாகிற வரைக்கும் சமமாக்கினார். தாபு ரொட்டியோடு வந்தபோது மரம் மொட்டையாக நின்றது.

"ஐயோ, இனி பொண்ணு கல்யாணத்துக்கு எதப் போடுறது?"

"என்னை ஏன் கேக்குறே? நானா வெட்டினேன்?"

கல்யாணத்தன்று சம்பந்தியம்மாள் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல வன்னி மரமே கிடையாதா?" என்றாள். தாபு அழுகையை முந்தானைக்குள் அடக்கினாள். பந்தலின் மறுபக்கம் கோஜாராமின் குரல் கணீரென்று கேட்டது.

"கழிக்கும்போதே ஒரு மரத்தக் காய்க்கு விட்டு வைக்கணும், சம்பந்தி. நம்ம வீட்ல யாரு சொல்பேச்சு கேக்குறா?"

வாசகரே, தாபு அந்த மரத்தில் ஒரு சிவப்புத் துணியாவது கட்டி வைத்திருக்கலாமே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதல்லவா? நீங்களும் மரத்தடியில்தான் நிற்கிறீர்கள். சற்றுத் தள்ளி நில்லுங்கள். கிளை விழும்.