தோலோடு அரைத்த ஆரஞ்சு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் வணக்கம்.

இங்கே அனைவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "என் பொண்ணு காலையில ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் வண்டி ஏறுறாளா?" என்று கேட்டீர்கள். "சாப்பிடுறா, சாப்பிடுறா" என்று சொல்லி வைத்துவிட்டேன். விரிவான விடை எழுதுக என்று காலமெல்லாம் பிள்ளைகளைப் படுத்தியவன் ஒற்றை வரியில் தப்பிக்கலாமா? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் ரயில் ஓட்டுகிறவள். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் எதுவும் இறங்காது என்று வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் பணிமனையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். இனி வெறும் வயிற்றோடு வந்தால் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று அங்கே இருந்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று மாலையே நான் அறிவித்தேன்: நாளை முதல் இந்த வீட்டின் காலை உணவு பழ ஸ்மூத்தி, அது என் பொறுப்பு. மெல்ல வேண்டாம், குடித்தால் போதும். அவளுக்குப் பாட்டிலில், மற்றவர்களுக்கு டம்ளரில். என் மகன், "அப்பா, உங்களுக்கு அடுப்புப் பத்த வைக்கவே தெரியாதே" என்றான். "இதுக்கு அடுப்பே வேண்டாம்டா, அதனாலதான் எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

முதல் நாள் மிக்ஸி மூடியை வைத்தேன், ஆனால் அழுத்திப் பிடிக்கவில்லை, கேள்வியைப் படிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதைப் போல மூடியை வைப்பது வேறு, பிடிப்பது வேறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது, பப்பாளி கூரைவரை போய், மின்விசிறியில் மோதி, என் மகன் இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டையில் வந்து இறங்கியது, அவன் பார்த்துவிட்டு "வேற சட்டை இருக்குப்பா" என்று மட்டும் சொன்னான், சத்தத்தில் எழுந்து வந்த என் மனைவி, "மருமக வெளியில ரயில் விடுறா, நீங்க வீட்டுக்குள்ள விடுறீங்களா?" என்று கேட்டு என் கையில் துணியைத் திணித்தாள், உங்கள் மகளோ சீருடையில் ஒரு துளியும் படாமல் ஒதுங்கி நின்று, மிஞ்சியதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு "வர்றேன் மாமா" என்று கிளம்பிவிட்டாள். மாலையில் பாட்டில் காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாளிலிருந்து பாடத்திட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பழத்தின் சத்தெல்லாம் தோலில்தான் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். வாழைப்பழம் தோலோடு போயிற்று. ஆரஞ்சு தோலும் விதையுமாகப் போயிற்று. எனக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு சொட்டும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சமையலில் குறை சொல்கிறவர்தான் மறுநாள் சமைக்க வேண்டும். என் மனைவி கொண்டுவந்த சட்டம். அதனால் என் மகன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். ரசிக்கிறான் என்று நினைத்தேன். என் மனைவி, "எனக்குப் பாதி போதும், மீதியை மருமகளுக்கு ஊத்துங்க" என்றாள். என்ன பாசம் என்று நெகிழ்ந்தேன்.

உங்கள் மகளுக்கு ஓய்வு நாள் வந்தது. முதல்முறையாக எங்களோடு மேஜையில் உட்கார்ந்து டம்ளரில் குடித்தாள். ஒரு வாய். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மாமா, கேள்வித்தாள் தயார் பண்ணுவீங்கல்ல, பிள்ளைங்களுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒருதடவை விடை எழுதிப் பார்ப்பீங்களா?"

"பின்னே? பார்க்காம கொடுத்தா அது என்ன வாத்தியார் வேலை?"

"அப்ப இதுல ஒரே ஒரு ஸ்பூன். அதுக்கெல்லாம் சர்க்கரை ஏறாது."

வாயில் வைத்தேன். சம்பந்தி, வேப்பிலையை ஆரஞ்சு நிறத்தில் அரைத்தால் எப்படி இருக்கும்? "இதை மனுஷன் குடிப்பானா?" என்றேன்.

"குறை சொன்னது யாரு?" என்றாள் என் மனைவி.

"நான்தான்."

"அப்ப நாளைக்கும் நீங்கதான். சட்டம் சட்டம்தான்."

உங்கள் மகள் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து ஆரஞ்சை உரித்து, வெள்ளை நாரையும் விதையையும் நீக்கிக் காட்டினாள். மிக்ஸியில் முதலில் பால், பிறகு மென்மையான பழம், கடைசியில் கெட்டியானது என்று வரிசையும் சொன்னாள். "இப்படிச் செஞ்சு பார்க்கலாமா மாமா?" என்றாளே தவிர, தப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. எதிரே இருப்பவர் தலை குனியாமல் திருத்துவது எப்படி என்று ஆசிரியர் பயிற்சியில்கூட எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. அந்தக் கசப்பை இத்தனை நாள் முகம் சுளிக்காமல் குடித்து, பாட்டிலையும் கழுவிக் கொண்டுவந்தாளே, அது யாருக்கு வரும்? எல்லாம் நீங்கள் இருவரும் வளர்த்த வளர்ப்பு.

இப்போது என் மனைவி இரண்டாவது டம்ளர் கேட்கிறாள். உங்கள் மகள் என் கையால் அரைத்ததைக் குடித்து வயிறு நிறைந்துதான் வண்டி ஓட்டுகிறாள். நீங்கள் கவலையில்லாமல் தூங்கலாம்.

உங்கள் இருவருக்கும் உடல்நலமும் மனநிறைவும் கூடட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் மகளின் போன் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். அவளோடு வண்டியில் உட்காரும் துணை ஓட்டுநர். "அக்காவோட மாமனார் சாரா? உங்ககிட்டயே சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு மூணு நாளா ஸ்மூத்தி சரியில்ல சார், ஒரேயடியா இனிக்குது. முன்னாடி ஒரு கசப்பு இருந்துச்சு பாருங்க, ஒரு வாய் குடிச்சா தூக்கமெல்லாம் பறந்துடும்" என்றார். நீங்கள் எப்படிக் குடித்தீர்கள் என்று கேட்டேன். "தினமும் நான்தானே சார் குடிக்கறேன். அக்கா முதல் நாளே பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துட்டு என்கிட்ட நீட்டிட்டாங்க. பதிலுக்கு என் டிபனை வாங்கிக்குவாங்க. ரொட்டியும் ரெண்டு முட்டையும். ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டாங்க." ஆகவே மேலே "என் கையால் அரைத்ததைக் குடித்து" என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். சாப்பிடுகிறாள் என்ற விடை மட்டும் சரி. வழிமுறை முழுக்கத் தவறு. நாளை முதல் அவள் பாட்டிலுக்கு மட்டும் மறுபடியும் ஆரஞ்சைத் தோலோடு போடப் போகிறேன். இனிப்புச் சலித்துப்போய் அந்த மனிதர் டிபனைத் தர மறுத்துவிட்டால், உங்கள் மகள் பட்டினி. அவளிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம்.