ஐந்து குழாய்க்கு ஒரே வாய்

வடசென்னையில் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதாத சுவரே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், துப்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு திரிந்த ஒரே மனுஷர் எங்கள் எச்சி சார்.

திருவொற்றியூரில் ஒரு பரிசோதனைக்கூடம். அங்கே நான் ரிசப்ஷன், அவர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அவரும் இயந்திரமும் வேறு வேறு என்று யாரும் நினைத்ததில்லை. இருட்டினதும் மூளை மெலடோனின் என்று ஒன்றைச் சுரக்குமாம், அதுதான் தூக்கத்தைக் கூட்டி வருமாம். எச்சிலிலும் அது துளியூண்டு கசியும். அந்தத் துளியையும் எடைபோட்டுச் சொல்லிவிடும் அந்த இயந்திரம். வெளிச்சம் பட்டால் சுரப்பது நின்றுவிடும் என்பதால், மனுஷருக்கு ட்யூப்லைட் ஜென்ம விரோதி. என் தலைக்கு மேல் எரிவதையும் அணைத்துவிட்டு, "தடவிப் பார்த்து டைப் பண்ணும்மா" என்பார். கறுப்புக் கண்ணாடியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். ஒரு தடவை என் ரசத்தைத் தண்ணீர் என்று குடித்துவிட்டு, தண்ணீர் சரியில்லை என்று புகார் வேறு கொடுத்தார்.

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டிலிருந்து வேலை வந்தது. நைட் ஷிப்ட் கிரேன் ஆபரேட்டர்கள் ஐந்து பேர். ராத்திரி வேலையில் உடம்புக் கடிகாரம் கெட்டு, சாயங்காலம் மெலடோனின் ஏறாதவனுக்குப் பகல் ஷிப்ட் என்றது நிர்வாகம். தூக்கம் வரவில்லை என்று மனுஷன் சொன்னால் நம்பாது, எச்சில் சொன்னால் நம்பும். அவர்களில் கல்மண்டபம் தாஸுக்கு நிஜமாகவே தூக்கம் போய்விட்டிருந்தது. கிரேனில் கண் சொக்கி, கீழே நின்றவன் தலைக்கு ஒரு முழம் மேலே கன்டெய்னரை நிறுத்தியவன் அவன்.

பொழுது சாயும் நேரம், எச்சி சார் யார்டு ஓய்வறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஐந்து பேருக்கும் எச்சில் பிடிக்க ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய் கொடுத்து, கும்மிருட்டில் கறுப்புக் கண்ணாடியோடு காவல் இருந்தார். பெரிய காவல்!

மறுநாள் பார்த்தால் மெலடோனின், குடித்த காபியின் கஃபீன், பிடித்த பீடியின் நிகோடின் எல்லாம் ஐந்து பேருக்கும் இம்மி பிசகாமல் ஒன்று. பேயறைந்த மாதிரி வந்து நின்றார். "அஞ்சு பேருக்கும் ஒரே வாய்ம்மா."

கூப்பிட்டுக் கேட்டதும் தாஸ் உண்மையைக் கக்கிவிட்டான். "உனுக்குத்தான் தூக்கம் வரல, எங்க குழாய்லயும் துப்புடான்னானுங்கோ சார். தோஸ்துங்க கேட்டா இன்னா பண்றது?"

ஐந்து பேரையும் வேலையைவிட்டுத் தூக்குவேன் என்று யார்டு மேனேஜர் குதித்தார். எங்கள் முதலாளி தலையாட்டினார். யாரையும் முகம் பார்த்துப் பேசாத எச்சி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆளுங்க ஏமாத்தியிருக்கலாம். எச்சி நிஜம். இவன் ஒழுங்கா தூங்கி வருஷக்கணக்காச்சு. இவனை மறுபடி ராத்திரி கிரேன்ல ஏத்தி எவன் தலையாவது போச்சுன்னா, நானே ரிப்போர்ட்டோட கோர்ட்டுக்கு வருவேன்."

மேனேஜர் அடங்கினார். ஒவ்வொருத்தனாக மறுபடி துப்ப வைத்தார்கள். தாஸுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது. மற்றவர்களுக்குத் திட்டோடு போயிற்று.

சில வாரம் கழித்துத் தாஸின் மனைவி ஒரு தூக்கு மீன் குழம்போடு வந்து நின்றார். "நல்லா இருப்ப சார். அது வுடுற கொறட்டைல இப்ப எனுக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

சார் குழம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினார். "அப்ப நீ இதுல துப்பும்மா."

போன வருஷம் ரிட்டயராகிவிட்டார். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் தங்கமான மனுஷர், யாரையும் படுத்துவதில்லை. எனக்குத்தான் அவரைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது.